கடைசிக்கு முந்தின நாற்காலி

மைக் முதல் நாற்காலிக்கு வந்துவிட்டது. நான் எட்டாவதில் இருக்கிறேன். அது என்னிடம் வந்து சேரும்வரை இந்தச் சிரிப்பைக் கீழே விடாமல் வைத்திருக்க வேண்டும், போட்டோக்காரர் எப்போது எடுப்பார் என்று தெரியாது, பல் தெரியட்டும் சங்கவி என்று ஹேமலதா மிஸ் ஒத்திகையிலேயே சொல்லிவிட்டார், கன்னம் வலிக்கிறது, தோளில் போட்ட சால்வை மே மாத வெயிலில் கழுத்தை அரிக்கிறது, சொறியக்கூடாது. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற மேடையில் பாராட்டு விழா என்று, பத்தாவதில் மார்க் எடுத்த எங்கள் ஒன்பது பேரை வரிசையாக உட்கார வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்காவது என்ன ஆகப்போகிறோம் என்று தெரியும். ஃபர்ஹானா எழுந்துவிட்டாள். "நான் இதய அறுவை சிகிச்சை நிபுணராகி, ஏழை எளிய மக்களுக்கு இலவசமாகச் சேவை செய்வேன்." கைதட்டு. ஒன்பதாவது படிக்கும்போது ரத்தப் பிரிவு பார்க்க அவள் விரலில் ஊசி குத்தினார்கள், பொட்டுத்தான், மயங்கி விழுந்துவிட்டாள், நான்தான் தண்ணீர் தெளித்தேன். இப்போது இதயத்தைக் கிழிக்கப் போகிறாளாம். அவளாகச் சொல்லவில்லை, பாவம். கொடுத்ததைச் சொன்னாள். எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள், ரேஷன் கடையில் சர்க்கரை போடுகிற மாதிரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மேடையில் அத்தனை பேரும் கலெக்டர், கலெக்டர் என்றே சொல்லிவிட்டார்களாம். "ஒரு மாவட்டத்துக்கு ஒரு கலெக்டர்தாம்மா" என்று சிறப்பு விருந்தினர் சொல்ல, மண்டபமே சிரித்துவிட்டது. பள்ளிக்கூடம் நடத்துகிற கரஸ்பாண்டன்ட் சாருக்கு மானம் போய்விட்டது. அதிலிருந்து பிரித்துக் கொடுத்துவிடுகிறார். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் சொல்லக்கூடாது.

இரண்டாவது நாற்காலிக்குப் போய்விட்டது, அவன் ஏதோ ரோபோ என்கிறான். நாங்கள் டைமண்ட் செக்ஷன். ஆறாம் வகுப்பில் ஒரு பரீட்சை வைத்து, தேறினவர்களை மாடியில் தனியாக உட்கார வைத்தார்கள். பி.இ.டி. பீரியட் கிடையாது, பாட்டு கிடையாது, நூலகத்துக்குப் பூட்டு. அறிவாளிக் குழந்தைகளுக்கு அதெல்லாம் எதற்கு. நன்றாக வருகிறாய் என்று சொல்லிச் சொல்லியே ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். கோகோ நன்றாக ஆடினேன், அதனால் நேரம் வீண் என்று நிறுத்தினார்கள். கட்டுரையில் மாவட்டப் பரிசு வாங்கினேன், பரிசை ஆபீஸ் ஷோகேஸில் வைத்துக்கொண்டு, இனிமேல் போட்டிக்கெல்லாம் போக வேண்டாம் என்றார்கள். எனக்கு எல்லாம் வரும். அதுதான் என் கெட்ட நேரம். கணக்கு வரும், வேதியியல் வரும், எதைக் கொடுத்தாலும் ஒரு வாரத்தில் வந்துவிடும். வருகிறது என்பதற்காக அது வேண்டும் என்று அர்த்தமா? எனக்கு வாந்திகூடத்தான் வருகிறது, இப்போது, இந்த மேடையில். "நீ எதை எடுத்தாலும் ஜெயிச்சிருவ" என்று அப்பா சொல்வார். ஜவ்வரிசி எடுக்கிற சேகோ ஃபேக்டரிக்கு மரவள்ளிக் கிழங்கு லோடு அடித்துவிட்டு வந்து, கை கழுவிக்கொண்டே, பெருமையாகச் சொல்வார். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதை எடுப்பது என்று கேட்கிறவளிடம் எதை எடுத்தாலும் என்று சொல்வது ஒரு பதிலா? வழி கேட்டால் ஊர் பெரிசு என்று சொல்கிற மாதிரி. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவருக்குச் சொல்லித் தரவேண்டியவர்கள் அதற்கென்று தனியாக ஆள் வைத்திருக்கிறார்கள்.

அந்த ஆள் கோயம்புத்தூரிலிருந்து வந்தார், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு. எதிர்கால வழிகாட்டி நிபுணர். ஒரு சின்ன மெஷின் கொண்டுவந்தார், அதில் பத்து விரலையும் வைக்கச் சொன்னார். விரல் ரேகையைப் பார்த்தால் மூளை தெரியுமாம், மூளை தெரிந்தால் வேலை தெரியுமாம். கிளி ஜோசியக்காரர் இதைக் கோயில் வாசலில் உட்கார்ந்து சொன்னால் மூடநம்பிக்கை என்று எங்கள் அறிவியல் சாரே பாடம் எடுப்பார், மெஷின் வைத்துச் சொன்னால் அவரே வரிசையில் நிற்க வைத்து விரலைப் பிடித்து அழுத்துகிறார். என்னிடம் அந்த ஆள் ஒரு கேள்வி கேட்கவில்லை. உனக்கு எது பிடிக்கும், எதைச் செய்யும்போது நேரம் போவது தெரியாது, ஒன்றும் இல்லை. பளபளவென்று ஒரு புத்தகம் அச்சடித்து வந்தது. எட்டுத் துறையிலும் நான் மிகச் சிறந்து விளங்குவேனாம். அம்மா அதற்கு அட்டை போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். என் சிநேகிதி எழிலரசியின் விரலை மட்டும் மெஷின் படிக்கவில்லை. லீவு விட்டால் அவளும் அவள் அம்மாவும் கிழங்கு தோல் சீவப் போவார்கள், ரேகையெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். அந்த ஆள் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் வரல சார்" என்றார். ஒண்ணும் வரல. பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கினவளைப் பார்த்து. எழில் கையை இழுத்துக்கொண்டு, சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். எனக்குத்தான் அந்த மெஷினைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிய வேண்டும் போல இருந்தது.

எழில் எனக்கு அந்தப் பக்கம், ஒன்பதாவது நாற்காலியில். கையை மடியில் வைத்துக்கொண்டு, நேராக உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் வரிசையில் பொய் சொல்ல வேண்டாதவள் அவள் ஒருத்திதான். அவளுக்குக் கலெக்டர். தெரியாமல் கொடுத்துவிட்டார்கள். ரேகை வராததால் அவளுக்கு எதைக் கொடுப்பது என்று தெரியவில்லை, அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள், கடைசியில் கலெக்டர் என்று முடித்தால் கைதட்டு நன்றாக வரும் என்று கரஸ்பாண்டன்ட்டும் ஒத்துக்கொண்டார். எங்களுக்கெல்லாம் கலெக்டர் என்றால் காரும் சைரனும். அவள் அம்மாவோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்கப் போயிருக்கிறாள், அவர்கள் தெருவுக்குப் பட்டா கேட்டு, எத்தனையோ திங்கட்கிழமை. எந்த மேசையில் கொடுத்தால் எந்த மேசைக்குப் போகும், சுற்றிச் சுற்றி மறுபடி அதே தாலுகா ஆபீஸுக்கே எப்படித் திரும்பி வரும், எந்த வார்த்தை எழுதினால் கிடப்பில் போடுவார்கள் என்று எனக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்வாள். "அங்க உக்காந்திருக்கறவரு ஒரே ஒரு போன் போட்டாப் போதும்டி, முடிஞ்சிரும். போட மாட்டேங்கறாங்க. நான் போடுவேன்" என்பாள். அவ்வளவுதான் அவள் ஆசை. நாட்டுக்குச் சேவை, மக்களுக்குச் சேவை எல்லாம் இல்லை. ஒரு போன். எந்த நிபுணரும் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

நாலாவது நாற்காலி. இல்லை, ஐந்து. அம்மா மூன்றாவது வரிசையில் இருக்கிறாள், பட்டுப்புடவை, சித்தி கல்யாணத்துக்கு எடுத்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரிக்காதே அம்மா. போன வாரம் அவளிடம் சொன்னேன், எனக்கு ஆர்ட்ஸ் குரூப் வேண்டும், ஹிஸ்டரி படிக்க வேண்டும் என்று. தோசைக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "உனக்குத்தான் எல்லாம் வருமே கண்ணு. அப்புறம் எதுக்கு அந்த மக்கு குரூப்பு?" என்றாள். எல்லாம் வருகிறவளுக்கு ஹிஸ்டரி மட்டும் வரக்கூடாது. எங்கள் பள்ளியில் ஆர்ட்ஸ் குரூப் கீழ்க் கட்டடத்தில், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். பார்டரில் பாஸானவர்களை அங்கே தள்ளுவார்கள். மார்க் எடுத்தவள் கேட்டால், வீட்டில் ஏதாவது பிரச்சனையா, யாராவது பையனா என்று கேட்பார்கள். ஹேமலதா மிஸ் கேட்டே விட்டார். "யாரும்மா அந்தப் பையன், ஆர்ட்ஸ் குரூப்ல?" எனக்கு வந்த கோபத்துக்கு. பையன் இல்லை மிஸ், கப்பல். சொல்லியிருந்தால் பைத்தியம் என்பார். ஆனால் கப்பல்தான். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் இரண்டாம் உலகப் போரை இரண்டே நாளில் நடத்தி முடித்தார்கள். அந்தப் போரில்தான் மலேயாவிலிருந்து கப்பல் வருவது நின்றது, ஜவ்வரிசி வரவில்லை, அதனால்தான் நம் பக்கத்தில் கிழங்கிலிருந்து எடுக்க ஆரம்பித்தார்கள் என்று ஃபேக்டரி முதலாளி அப்பாவிடம் சொன்னதாக அப்பா ஒருநாள் சொன்னார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. எங்கேயோ எவனோ குண்டு போட்டதில் எங்கள் தெருவே கிழங்கு வாசனை அடிக்கிறது. வகுப்பில் எழுந்து கேட்டேன், அப்போது கப்பல் நிற்காமல் வந்திருந்தால் எங்கள் அப்பா என்ன வேலை செய்துகொண்டிருப்பார் என்று. "அது பரிட்சைல வராது, உக்காரு" என்றார் சார். வராது. அதனால்தான் அது எனக்கு வேண்டும். படித்துவிட்டு என்ன ஆவேன் என்று கேட்டால் தெரியாது. நிஜமாகவே தெரியாது. பதினாறு வயதில் தெரிய வேண்டும் என்று யார் சொன்னது? இரண்டு வருஷம் அதைப் படிக்கிறேன், அப்புறம் சொல்கிறேன் என்றால் கழுத்தைப் பிடிக்கிறார்கள்.

ஆறாவது. அடுத்தது லோகேஷ்வரன், அப்புறம் நான். இது வெறும் மேடைப் பேச்சாக இருந்தால் எதையாவது சொல்லித் தொலைக்கலாம். கரஸ்பாண்டன்ட் சார் அப்படி விடமாட்டார். மேடையில் சபை சாட்சியாகச் சொன்னதுதான் அட்மிஷன். டாக்டர் என்றவர்கள் திங்கட்கிழமையே ஹாஸ்டல், இரண்டு வருஷம் வீட்டுப் பக்கம் வரக்கூடாது. விஞ்ஞானி, இன்ஜினியர் என்றவர்களுக்கு இன்னொரு ஹாஸ்டல். எல்லாமே ஃபர்ஸ்ட் குரூப். ஊர் முன்னால் சொன்னதை மாற்றினால் பெற்றவர்களுக்கு அவமானம், அதனால் யாரும் மாற்றினதில்லை. எனக்குக் கொடுத்தது விண்வெளி விஞ்ஞானி. வானத்தை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை, டைமண்ட் செக்ஷனுக்கு ராத்திரி ஸ்டடி. சொல்லிவிடப் போகிறேன், அவ்வளவுதான், வாய் தானாகச் சொல்லிவிடும், பல தடவை ஒத்திகை பார்த்த வாய். இரண்டு வரி. அப்புறம் இரண்டு வருஷம். அப்புறம் நான்கு வருஷம். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி. நடுவில் உட்கார்ந்திருக்கிற சிறப்பு விருந்தினர், ரிட்டயர்ட் அதிகாரியாம், ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார், விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று. பயிரைக் கேட்டுக்கொண்டா நட்டீர்கள்? 

லோகேஷ் எழுந்துவிட்டான். அவனுக்கு நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர். ஒத்திகையிலேயே அந்த வார்த்தை அவன் வாயில் நிற்காது, ஹேமலதா மிஸ் குட்டிக் குட்டிச் சொல்ல வைத்தார். மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நிற்கிறான். சொல்லுடா. காது மடல் சிவந்துவிட்டது. "நான், நான் வந்து, விண்வெளி விஞ்ஞானியாகி, நாட்டுக்குப் பெருமை சேர்ப்பேன்." கைதட்டு. அது என்னுடையது. டேய், அது என்னுடையது. அவன் உட்கார்ந்து என்னைப் பார்க்கிறான், செத்தவன் முழிக்கிற மாதிரி முழிக்கிறான். "சாரிடி, உன்னுதுதான் ஞாபகம் வந்துச்சு" என்கிறான் உதட்டை அசைக்காமல். மேடை ஓரத்தில் ஹேமலதா மிஸ் தன் தலையைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார். மூளை. நரம்பியல். நீ அதைச் சொல்லு. எவ்வளவு சுலபம் பாருங்கள். அவன் ராக்கெட் விடட்டும், நான் மண்டையைத் திறக்கிறேன், யார் எதைச் செய்தால் என்ன, ஒன்பது பேருக்கு ஒன்பது வந்துவிட்டால் சரி. பந்தியில் இலை மாறி உட்கார்ந்த மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்தது, நிஜச் சிரிப்பு, போட்டோக்காரர் அதை எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மைக் என் கையில் இருக்கிறது. வியர்வை, ஏழு பேருடைய வியர்வை. என் வாயில் ஒத்திகை பார்த்தது ஒன்றும் மிச்சமில்லை.

"எனக்குத் தெரியல சார்" என்றேன். ஸ்பீக்கரில் அது என் குரல் மாதிரி இல்லை. பின்னால் சமையல்கட்டில் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. "என்ன ஆகப்போறேன்னு தெரியல. ஆனா ஆர்ட்ஸ் குரூப் வேணும். ஹிஸ்டரி படிக்கணும்." அம்மாவைப் பார்க்கவில்லை. சொல்லியாகிவிட்டது. சொல்லியாகிவிட்டது, இனி யார் என்ன செய்தாலும் சொன்னதைப் பிடுங்க முடியாது என்று நினைத்தேன், மடச்சி. சிறப்பு விருந்தினர் தன் மைக்கை இழுத்துக்கொண்டார். முகம் மலர்ந்துபோயிற்று. "இந்தப் பொண்ணு எவ்வளவு தெளிவா இருக்குது பாருங்க. கலெக்டர் பரிட்சை எழுதறதுக்கு ஹிஸ்டரிதான் அஸ்திவாரம். யாரும் சொல்லிக் குடுக்காம அதுவே கண்டுபிடிச்சிருக்கு. வாயால சொல்லக் கூச்சப்படுது. தன்னடக்கம்." மண்டபம் கைதட்டியது. இதுவரை ஒருத்தருக்கும் தட்டாத தட்டு. கரஸ்பாண்டன்ட் சார் முகத்தில் போன ரத்தம் திரும்பி வந்தது. "ஆர்ட்ஸ் குரூப்ல முதல் சீட்டு இவங்களுக்குத்தான். வருங்கால மாவட்ட ஆட்சியர், செல்வி சங்கவி" என்று அவரே அறிவித்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். கிடைத்துவிட்டது. இவ்வளவுதானா? ஹிஸ்டரி கிடைத்துவிட்டது. தெரியாது என்று சொன்னதைக்கூட இவர்கள் கலெக்டராக மாற்றிக்கொண்டுவிட்டார்கள், மாற்றிக்கொள்ளட்டும், எனக்கு என்ன, குரூப் கிடைத்ததே, பேப்பரில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மைக்கைப் பக்கத்தில் நீட்டினேன். நீட்டும்போதுதான் யாரிடம் நீட்டுகிறேன் என்று பார்த்தேன்.

எழில் எழுந்து நிற்கிறாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். கரஸ்பாண்டன்ட் சாரைப் பார்க்கிறாள். அவர் லேசாகத் தலையை ஆட்டுகிறார், வேண்டாம், ஆயிடுச்சு, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் சொல்லக்கூடாது. உதட்டை மட்டும் அசைத்து ஒரு வார்த்தை சொல்கிறார். டீச்சர். எனக்குத் தெரிகிறது, எனக்கே தெரிகிறதென்றால் அவளுக்குத் தெரியாதா? சொல்லாதே எழில். அதையே சொல்லு, கலெக்டர் என்றே சொல்லு, சிரித்தால் சிரிக்கட்டும். நான் எழுந்து சொல்லலாம், மைக் இல்லாவிட்டால் என்ன, முன் வரிசைக்குக் கேட்கும். நான் எழுந்திருக்கவில்லை. "நான் ஆசிரியையாகி, என்னைப் போன்ற ஏழை மாணவர்களை உயர்த்துவேன்" என்றாள் எழில். தெளிவான குரல், ஒரு எழுத்து பிசகவில்லை. ஐந்து வருஷமாகச் சொன்னதைக் கேட்டே பழகினவள். என்னுடையதைவிடப் பெரிய கைதட்டு. உட்கார்ந்தாள். நேராகப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நிஜமா உனக்குக் கலெக்டர் ஆகணுமாடி?"

"இல்ல. நான் எங்க சொன்னேன், அவராதான் சொன்னாரு."

"நீ இல்லன்னும் சொல்லலியே."

எல்லோரும் எழுந்துவிட்டார்கள், நாட்டுப்பண். அசையக்கூடாது. அட்டென்ஷனில் நிற்கிறேன், அவள் தோள் என் தோளில் படுகிறது, எடுக்கவும் இல்லை, சாயவும் இல்லை. இல்லையென்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சீட்டு கிடைத்துவிட்டது என்று வாயை மூடிக்கொண்டேன். காலையிலிருந்து ஊரிலுள்ள அத்தனை பேரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேனே, மெஷின்காரன், மிஸ், அம்மா, கரஸ்பாண்டன்ட். அவர்கள் என்ன செய்தார்களோ அதைத்தான் நானும் செய்தேன், அவர்களைவிட வேகமாக, ஒரே நிமிஷத்தில். லோகேஷாவது சாரி சொன்னான். சொன்னால் என்ன ஆகும்? கலெக்டர் இல்லையென்றால் ஹிஸ்டரி எதற்கு என்பார்கள். பிடுங்கிவிடுவார்கள். கட்டாயம் பிடுங்கிவிடுவார்கள். பிடுங்கட்டுமா? ஜெய ஹே முடிந்ததும் எல்லோரும் சாப்பாட்டுக்கு ஓடினார்கள். நாற்காலி இழுபடுகிற சத்தத்தில் நான் கரஸ்பாண்டன்ட் சார் முன்னால் போய் நின்றேன். போட்டோக்காரர் இருந்ததால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சார், கலெக்டர் நான் இல்ல சார். எழில்தான். அவளுக்குத்தான் குடுத்தீங்க."

"அவதான் டீச்சர்னு சொல்லிட்டாளேம்மா."

"நீங்க சொல்லச் சொன்னீங்க சார்."

சிரிப்பு போகவில்லை, கண் மட்டும் மாறியது. "சரி, அப்ப நீ என்ன?"

"தெரியல சார்."

"தெரியாதவங்களுக்குத்தாம்மா ஃபர்ஸ்ட் குரூப்பு. திங்கட்கிழமை ஹாஸ்டலுக்கு வந்துரு" என்றார், ரொம்பச் சாதாரணமாக, பஸ் நேரம் சொல்கிற மாதிரி. போயிற்று. அவ்வளவுதான், கப்பலும் போயிற்று, ஹிஸ்டரியும் போயிற்று. அம்மா கும்பலை விலக்கிக்கொண்டு என்னைக் கட்டிப்பிடிக்க வருகிறாள். எழில் இன்னும் தன் நாற்காலிக்கு முன்னாலேயே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "சரி சார்" என்றேன். "அப்ப அவளைக் கலெக்டர்னு மாத்துங்க."

"பேப்பர்காரங்க எழுதிட்டாங்கம்மா. ஆசிரியைதான் நல்லாருக்கு, போ, போய்ச் சாப்பிடு."

அவருக்குப் பின்னால் நிருபர் சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டிருந்தார். நான் நகரவில்லை.

"எழுதினதுதானே சார். அடிச்சுட்டு மாத்தி எழுதச் சொல்லுங்க" என்றேன்.